மிஸ்ஸி அக்கா பதில்கள்: ரத்தம் ஏற்றியதாலா குடல் கெட்டது?

போன இதழில் இன்குபேட்டர் பிள்ளைகளைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நம் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத்தில் மட்டும் குறைமாதப் பிள்ளை பெற்று, ஆஸ்பத்திரிக்கும் தோட்டத்துக்குமாக அலைந்த தாய்மார் இத்தனை பேரா என்று மனசு கனத்துப்போனது. ஒரு கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதற்குத்தான் இந்த முறை அதிக இடம். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: அக்கா, என் மகன் 27 வாரத்தில் பிறந்தான், 920 கிராம். 24-ஆம் நாள் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் இரவே வயிறு உப்பி, பச்சையாகக் கக்கி, மலத்திலும் ரத்தம் வந்துவிட்டது. என்.இ.சி. என்றார்கள். ஆபரேஷன் செய்து கொஞ்சம் குடலை எடுத்துவிட்டார்கள், இப்போது தேறி வருகிறான். ஆனால் என் மாமியார், "எவன் ரத்தமோ, அதுதான் பிள்ளையின் குடலைக் கெடுத்தது, நீ ஏன் கையெழுத்துப் போட்டாய்" என்று தினமும் கேட்கிறார். கையெழுத்துப் போட்டது நான்தான். ரத்தம் ஏற்றினால் இந்த நோய் வரும் என்று எங்கேயோ படித்தும் விட்டேன். என்னால்தானா அக்கா? (தோட்டத்து வாசகி)

இல்லை, தங்கச்சி. உன்னால் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நீ படித்தது முழுப் பொய்யும் இல்லை, அதையும் மறைக்க மாட்டேன். என்.இ.சி. என்று சுருக்கமாகச் சொல்லும் நெக்ரோடைசிங் என்டெரோகோலைட்டிஸ் குறைமாதப் பிள்ளைகளின் குடலைத் தாக்கும் நோய். குடல் சுவர் வீங்கி, புண்ணாகி, சில இடங்களில் செத்தே போய்விடும். ஒன்றரை கிலோவுக்குக் கீழே பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது வருகிறது. வந்த பிள்ளைகளைப் பின்னோக்கி விசாரித்துப் பார்த்த பழைய ஆய்வுகளில், நாலில் ஒரு பங்கு, சிலவற்றில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு, நோய் தெரிவதற்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தது. அதை வைத்துத்தான் ரத்தத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. நர்ஸுகளான நாங்களும் வார்டில் அப்படித்தான் பயந்தோம். ரத்தம் ஏற்றிய பிள்ளையின் வயிற்றை அன்று ராத்திரி முழுக்க இரண்டு மணிக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருப்போம்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குப் பாட்டி கஷாயம் கொடுக்கிறாள், மறுநாள் அம்மை முத்து தெரிகிறது. கஷாயமா அம்மையைக் கொண்டுவந்தது? அம்மை உள்ளே ஏற்கெனவே இருந்தது, அதனால்தான் காய்ச்சல், காய்ச்சலால்தான் கஷாயம். குறைமாதப் பிள்ளைக்கும் பல நேரம் இப்படித்தான். பிள்ளை வெளுத்துப்போகிறது, மூச்சை அடிக்கடி மறக்கிறது, சோர்ந்து கிடக்கிறது, டாக்டர் ரத்தம் குறைவு என்று பார்த்து ஏற்றச் சொல்கிறார். அந்தச் சோர்வே குடல் நோயின் முதல் அடையாளமாகக்கூட இருக்கலாம். இன்னொன்று, உன் மகனைப் போல 27, 28 வாரத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு என்.இ.சி. வருவது பெரும்பாலும் பிறந்து மூன்று நாலு வாரம் கழித்து. ரத்தசோகை முற்றி ரத்தம் தேவைப்படுவதும் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். இரண்டும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினால், ஒன்றுதான் மற்றதைக் கூட்டி வந்தது என்று சொல்லிவிட முடியுமா?

இதை ஊகமாகவே விட்டுவிடாமல் பிள்ளைகளை வரிசையாகச் சேர்த்து, முன்னோக்கிக் கவனித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று: ஒன்றரை கிலோவும் அதற்குக் கீழுமாகப் பிறந்த 598 பிள்ளைகள், மூன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகள். அதில் 44 பேருக்கு என்.இ.சி. வந்தது. ரத்தம் ஏற்றியதற்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. தெரிந்தது வேறு: ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புச் சத்து, டெசிலிட்டருக்கு 8 கிராம், அல்லது அதற்கும் கீழே இறங்கிய வாரங்களில் நோயின் ஆபத்து ஏறக்குறைய ஆறு மடங்கு. மாமியாரிடம் இந்த ஒரு வரியை மட்டுமாவது சொல்லிப் பார். சந்தேகப்பட வேண்டியது ஏற்றிய ரத்தத்தை அல்ல, அதற்கு முன்னால் உடம்பில் ரத்தம் இல்லாமல் போனதை.

அப்புறம் 2020-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. ஐரோப்பாவில் 1,013 பிள்ளைகள், அமெரிக்காவில் 1,824 பிள்ளைகள், எல்லாரும் ஒரு கிலோவும் அதற்குக் கீழுமாகப் பிறந்தவர்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு பாதிக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கியதுமே ரத்தம், மறுபாதிக்கு நன்றாக இறங்கிய பிறகுதான். ரத்தம்தான் குடலைக் கெடுக்கிறது என்றால் அதிகம் ஏற்றிய பக்கம் என்.இ.சி. குவிந்திருக்க வேண்டும் இல்லையா? குவியவில்லை. அமெரிக்க ஆய்வில் ஒரு பக்கம் 10.0 விழுக்காடு, மறுபக்கம் 10.5. ஐரோப்பிய ஆய்விலும் பெரிய வித்தியாசம் கிடையாது.

ரத்தசோகை ஏன் குடலை முதலில் தொடுகிறது என்று கேட்பாய். ரத்தம் குறையும்போது உடம்பு இருப்பதை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கிவிட்டு, குடலைக் கடைசியில் நிறுத்திவிடுகிறது. பட்டினியில் குடல் சுவர் பலவீனமாகிறது, உள்ளே இருக்கும் கிருமிகளுக்கு வழி திறக்கிறது. 2019-இல் எலிக்குட்டிகளிடம் செய்த ஆய்வில், ஏற்கெனவே கடுமையான ரத்தசோகை இருந்த குட்டிகளுக்கு ரத்தம் ஏற்றியபோது குடல் புண்ணானது. ரத்தசோகை இல்லாத குட்டிகளுக்கு அப்படி ஆகவில்லை. அதனால் மருத்துவர்கள் இப்போது யோசிப்பது ரத்தம் கொடுப்பதா வேண்டாமா என்பதை அல்ல, பிள்ளையை அவ்வளவு கீழே இறங்க விடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை.

இறங்குவதற்கும் யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு கிலோ பிள்ளையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 80 முதல் 100 மில்லி. டவுன் சாப்பாட்டுக் கடையில் தேத்தண்ணீர் ஊற்றும் சின்னக் கப்பைக்கூட அது நிரப்பாது. அதிலிருந்து சோதனைக்கு ஒரு மில்லி எடுத்தால், நம்மைப் போல் பெரியவர் உடம்பிலிருந்து ஐம்பது மில்லி எடுத்த மாதிரி. சோதனையும் செய்துதான் ஆக வேண்டும். சிவப்பணுவை உண்டாக்கச் சொல்லும் எரித்ரோபொயட்டின் என்ற சுரப்பு அந்த வயதில் சரியாக ஊறுவதும் இல்லை, இருக்கும் அணுக்களும் சீக்கிரம் அழிந்துவிடும். பிள்ளை தானாக எழுந்து நிற்கும்வரை கொஞ்சம் தாங்கிப் பிடிக்கத்தான் ரத்தம்.

நான் வேலை பார்த்த நாட்களில் ஒரு காட்சி அப்படியே கண்ணுக்குள் இருக்கிறது. பெரியவர்களுக்குப் போல பையைத் தொங்கவிட்டு ஏற்றுவதில்லை, சின்ன சிரிஞ்சில் பதினைந்து மில்லி அளவு எடுத்து, பம்ப்பில் மாட்டி, மூன்று நாலு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தள்ளுவோம். பிள்ளையின் தொப்புள் மட்டத்தில் வயிற்றின் இரண்டு பக்கமும் பேனாவால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளியில்தான் டேப் போட்டு அளப்போம், ஆளுக்கு ஆள் டேப் இடம் மாறக்கூடாது என்பதற்காக. ரத்தம் ஏற ஏற, காகிதம் போலிருந்த உதட்டில் மெல்ல நிறம் வரும். அதைப் பார்க்கும் தாய் பேசவே மாட்டாள். கண்ணாடிக்குள் விரலை விட்டுப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பாள்.

நீ போட்ட கையெழுத்து அதற்குத்தான், தங்கச்சி. அந்தக் காகிதத்தில் நீ கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் உன் மகன் இன்றைக்கு உன் மாமியார் பார்த்துப் பதறும்படி இருந்திருப்பானா என்றுகூட எனக்குச் சந்தேகம்தான். மாமியார் மேலும் எனக்குக் கோபம் இல்லை. பேரன் வயிற்றில் தையல் பார்த்த மனசு, பழி போட ஓர் இடம் தேடுகிறது. அடுத்த முறை வார்டுக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போ, டாக்டரிடம் அவரே நேராகக் கேட்கட்டும். நீ நடுவில் நின்று இரண்டு பக்கமும் அடி வாங்க வேண்டாம்.

கேள்வி: அக்கா, எனக்கும் என் குழந்தைக்கும் ஒரே குரூப் ரத்தம். என் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியும் வேண்டாம் என்றார்கள். பெற்ற அப்பன் ரத்தத்தைவிட முகம் தெரியாதவன் ரத்தம் சுத்தமா? (செம்பனைத் தோட்டத்து லாரி ஓட்டுநர்)

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அவர்கள் வேண்டாம் என்றது நல்லதற்குத்தான். சொந்தக்காரர் ரத்தம் பிள்ளையின் உடம்போடு பாதி ஒத்துப்போகும். அந்த ஒற்றுமையே ஆபத்து. உங்கள் ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்களை, பிள்ளையின் உடம்பு வெளியாள் என்று கண்டுகொள்ளாமல் உள்ளே விட்டுவிடும். அவை அங்கே தங்கிப் பெருகி, பிள்ளையின் உடம்பையே தாக்க ஆரம்பித்துவிடும். அபூர்வமாகத்தான் வரும், ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிர் பிழைப்பதில்லை. வேறு வழியே இல்லாமல் சொந்தக்காரர் ரத்தத்தைக் கொடுத்தால், கதிர்வீச்சு பாய்ச்சி அந்த வெள்ளணுக்களை முடக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். தாயின் ரத்தத்துக்கும் சில நேரம் வேறு சிக்கல் உண்டு. அப்பா வழியில் பிள்ளைக்கு வந்த ரத்தக்கூறுகளுக்கு எதிரான பொருள் கர்ப்பத்தின்போதே தாயின் ரத்தத்தில் உருவாகியிருக்கலாம்.

முகம் தெரியாதவர் ரத்தம் என்றீர்கள். அது கிருமிச் சோதனை முடிந்து, பிள்ளையின் ரத்தத்தோடு ஒத்துப்பார்த்து வருவது. ஒருவர் கொடுத்த பையையே சின்னச் சின்னப் பைகளாகப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரே பிள்ளைக்கு அடுத்தடுத்து ஏற்றும் வழக்கமும் உண்டு, பல பேர் ரத்தம் படாமல் இருப்பதற்காக.

உங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற துடிப்பு இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள். கோலாலம்பூரில் தேசிய ரத்த மையம் இருக்கிறது, அரசாங்க ஆஸ்பத்திரிகளிலும் எடுக்கிறார்கள், கோவில் மண்டபங்களில் முகாமும் போடுகிறார்கள். போய்க் கொடுங்கள். எங்கோ ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இன்னொரு அப்பன் உங்களைப் போலவே நின்றுகொண்டிருப்பான்.

கேள்வி: ரத்தம் ஏற்றும்போது என் மகளுக்குப் பாலை நிறுத்திவிட்டார்கள். என் அக்கா மகள் ஜொகூரில் இதே மாதிரி பிள்ளை பெற்றாள், அங்கே பாலை நிறுத்தவில்லை. எது சரி? கஷ்டப்பட்டு எடுத்துக் கொடுக்கும் பாலை நிறுத்தினால் மனசு கேட்கவில்லை.

இரண்டு இடமும் தப்புச் செய்யவில்லை. ஏற்றும் நேரத்தில் குடலுக்கு வேலை கொடுக்காமல் இருந்தால் நல்லது என்று சில வார்டுகள் சில மணி நேரம் பாலை நிறுத்துகின்றன. நிறுத்தினால் குடலுக்கு ஊட்டம் தடைப்படும், ஊசிவழி ஊட்டத்துக்காகக் குழாய் மாட்டும் நாளும் கூடும் என்று சில வார்டுகள் தொடர்ந்து கொடுக்கின்றன. எது மேல் என்று பிரித்தறியப் பெரிய ஆய்வே நடத்த வேண்டியிருக்கிறது என்றால், வித்தியாசம் கண்ணில் அடிக்கும் அளவுக்கு இல்லை என்றுதானே அர்த்தம்? அதனால் உங்கள் வார்டு சொல்வதைக் கேளுங்கள், மனசைப் போட்டு உருட்டாதீர்கள்.

ஆனால் பாலை எடுப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்! இங்கேதான் பலர் தவறுகிறார்கள். "இன்றைக்குப் பிள்ளை குடிக்கவில்லையே" என்று ஒருநாள் விட்டால் மார்பு அன்றைக்கே கணக்கைக் குறைத்துக்கொள்ளும். மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது எடுங்கள். இந்த நோய்க்கு எதிராகத் தாயின் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் அந்தப் பால்தான். 1990-இல் இங்கிலாந்தில் 926 குறைமாதப் பிள்ளைகளை வைத்து வந்த ஆய்வில், மாவுப்பால் மட்டும் குடித்த பிள்ளைகளுக்கு, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக என்.இ.சி. வந்தது. அத்தனை வருஷம் ஆகியும் அந்த விஷயம் மாறவில்லை. முதல் நாள் வரும் மஞ்சள் சீம்பால் அரை ஸ்பூன்தான் இருந்தாலும் கொண்டுபோய்க் கொடுங்கள். இவ்வளவுதானா என்று வெட்கப்பட வேண்டாம், நாங்கள் அதைத் தங்கம் மாதிரி வாங்கி வைப்போம்.

விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போய்விட்டு வந்து, மத்தியான பஸ் பிடித்து, மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு வந்த ஒரு தாயை எனக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டிலிலும் பேர், தேதி, நேரம் எழுதி ஒட்டியிருப்பாள். எழுத்து கொஞ்சம் கோணல், நேரம் மட்டும் ஒரு நாளும் தப்பாது. அவள் பெண் இப்போது தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள்.

கேள்வி: என் பேத்தி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள், இன்னும் இரண்டு கிலோதான். வாயு சேராமல் இருக்க உரைமருந்து உரைத்துக் கொடுக்கலாமா? என் ஆறு பிள்ளைகளுக்கும் கொடுத்துத்தான் வளர்த்தேன்.

கொடுக்கக் கூடாது அம்மா. உங்கள் ஆறு பிள்ளைகளும் நிறைமாதத்தில் பிறந்தவர்கள், இந்தக் குட்டியின் குடல் அப்படிப்பட்டது இல்லை. வசம்பு, ஜாதிக்காய், கோரோசனை, ஓமத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் எதுவுமே வேண்டாம். தேன் ஒரு வயது முடியும்வரை எந்தப் பிள்ளைக்கும் ஆகாது. உங்கள் கை ராசியைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதிலும், மருமகளுக்கு நேரத்துக்குச் சோறு போடுவதிலும் காட்டுங்கள், அவளுக்குப் பால் ஊறும். கொடுத்தனுப்பிய இரும்புச்சத்து சொட்டு மருந்தை மட்டும் மறக்காமல் கொடுங்கள். அதனால் மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: என் மகனுக்கு என்.இ.சி. வந்து, ஆபரேஷன் இல்லாமல் மருந்திலேயே சரியாகி வீட்டுக்கு வந்துவிட்டான். திரும்ப வருமா? எதைப் பார்த்து நான் பயப்பட வேண்டும்? நடுராத்திரி என்றால் தோட்டத்தில் வண்டிகூடக் கிடைக்காது.

திரும்ப வருவது உண்டு, ஆனால் சிலருக்குத்தான். நான் அதிகம் சொல்லி எச்சரிப்பது வேறொன்றை: புண் ஆறின இடத்தில் குடல் சுருங்கிக் குறுகலாகிவிடுவது. மருந்திலேயே குணமான பிள்ளைகளுக்கும் இது வரும், பெரும்பாலும் நோய் ஆறி சில வாரத்திலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைக்கும் நேரத்தில் வருவதால்தான் தாய்மார் ஏமாந்துவிடுகிறார்கள்.

பால் குடித்ததும் கொஞ்சம் வெள்ளையாகக் கக்குவது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு, அது வேறு. வாந்தி பச்சையாக வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வயிறு கெட்டியாக, தோல் பளபளவென்று மினுங்கி, நரம்பு தெரிந்தாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும், மலமும் காற்றும் போகாமல் நின்றாலும், பால் வேண்டாம் என்று துவண்டு கிடந்தாலும் அதேதான். கிளினிக்கில் ஏறி இறங்கி நேரத்தைக் கழிக்காமல், நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாசலிலேயே "குறைமாதப் பிள்ளை, முன்னால் என்.இ.சி. வந்தது" என்று சொல்லுங்கள். அந்த மூன்று எழுத்தைச் சொன்னால் உங்களை வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

வண்டிக்கு இன்றைக்கே ஏற்பாடு செய்யுங்கள். லயத்தில் கார் வைத்திருக்கும் இரண்டு வீட்டுக்காரரிடம் பகலில் போய், பிள்ளையைக் காட்டி, ராத்திரி எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் கதவைத் தட்டுவேன் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 999-ஐயும் அழைக்கலாம், தோட்டத்து வழியைச் சரியாகச் சொல்ல ஓர் ஆளை மெயின் ரோட்டில் நிறுத்துங்கள். டிஸ்சார்ஜ் கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிள்ளையின் துணிப்பையிலேயே வைத்துவிடுங்கள். அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள்.